வெள்ளையடிக்கப் போனவர்கள்

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறவர்கள் பொதுவாகத் தங்களுக்குத் தெரியாத ஊராகப் பார்த்துப் போவார்கள். நான் போன வெளிநாடு அரியலூர் மாவட்டம். பிறந்து வளர்ந்தது குரும்பலூர். பாதி ஆயுளுக்குமேல் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறேன். அதாவது மற்றவர்கள் தூக்குவதைப் பார்க்கிறேன்.

அங்கே நான் போகும் சபையில் பெரும்பாலும் சீனர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழுவாகக் கிளம்பி எந்த நாட்டிலாவது ஒரு வாரம் இருந்து, பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசி, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துத் திரும்புவார்கள். இந்த முறை அவர்களுக்கு அமைந்தது தா.பழூரைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். அந்தப் பெயரைத் திரையில் காட்டியதும் சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவது அபூர்வம். அன்றைக்கென்று போயிருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் என்று என்னைச் சேர்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் ஒரு ஆரஞ்சு நிற டீ ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் ‘பணிவிடை செய்ய வந்தோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே நின்றபோது ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்து, “தம்பி, சாப்பாட்டுப் பார்சல் லேட்டாகுமா?” என்று கேட்டார். ஊழியம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பல நாள் எங்களிடம் யாரும் எந்த வேலையையும் எதிர்பார்க்கப் போவதில்லை என்பது அப்போது தெரியாது.

குழுவில் ஆறு பேர். தலைவர் டேனியல், வங்கி அதிகாரி, முப்பது வயதுக்காரர், எதையும் புன்னகையோடு தாங்கிக்கொள்பவர். அவரையும் என்னையும் விட்டால் இந்தக் கதைக்குத் தேவையானவர் கிரேஸ் ஆன்ட்டி ஒருவர்தான். சீனப் பெண்மணி. அறுபதைத் தாண்டி வெகுநாளாயிற்று. மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. உயரம் என் தோளுக்கு. நடையில் என்னைவிட வேகம்.

வேன் ஓட்டியவர் முருகேசன். “ஏ.சி. இருக்கு சார், ஆனா மேட்டுல ஏறயில நின்னுடும்” என்று முதலிலேயே சொல்லிவிட்ட நேர்மையாளர். வேன் நின்றபோதெல்லாம் ஏ.சி. மட்டும் நன்றாக ஓடியதையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பெரம்பலூரில் தங்கினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் எங்களைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். சிங்கப்பூரில் ஒருவரை நிமிர்ந்து பார்த்தால் மரியாதைக் குறைவு. பெரம்பலூரில் பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு.

“இவங்கள்லாம் சப்பானுங்களா?” என்று டீ மாஸ்டர் கேட்டார்.

“சிங்கப்பூர்.”

“அப்டியா? எங்க மச்சான் அங்கதான் இருக்காப்ல. சேகரு. தெரியுமா?”

தெரியும் என்றேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஒரு சேகரையாவது தெரியாமல் இருக்க முடியாது. அந்த உறவின்பேரில் எல்லோருக்கும் இன்னொரு டீ வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். கிரேஸ் ஆன்ட்டி தம்ளரைக் கழுவிக் கொடுக்கலாமா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். டீ மாஸ்டர் பதறிப்போய்த் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் நடவு முடிந்த வயல், ஓரமாக வாய்க்கால், நடுவில் ஓட்டுக் கூரை போட்ட சின்ன தேவாலயம், பக்கத்தில் சபையின் கூடம். மாலையில் பிள்ளைகள் வந்து பாடம் படிக்கும் இடம் அது. அந்தக் கூடத்துக்கு வெள்ளையடிப்பதுதான் எங்கள் முக்கியமான பணி. சிங்கப்பூரிலிருந்தே உருளைகளும் தூரிகைகளும் கையுறைகளும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தோம்.

கூடம் பளீரென்று நின்றது. சுவரில் பால் வெள்ளை, கதவில் நீலம், வாசலில் வர்ணக் கோலம். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

டேனியல் மெதுவாக என் காதில், “இது வேறு கூடமா?” என்றார்.

போதகர் சாமுவேல் மலர்ந்த முகத்தோடு ஓடி வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளை அங்கிக்குள் கொஞ்சம் கூடுதலாக இடம் இருந்தது. கூடத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அதாங்க, நீங்க வெள்ளையடிக்க வரப்போறீங்கன்னு லெட்டர் வந்துச்சு. சபையில படிச்சேன். எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. அம்புட்டுத் தூரத்துலேருந்து வர்றவங்க இந்த அழுக்குச் சொவத்தையா பாக்குறதுன்னு. ஆளுக்கு ஒருநா வேலையப் போட்டுட்டு வந்து அடிச்சு முடிச்சிட்டாங்க. நேத்துதான் கதவுக்கு அடிச்சோம். சாஞ்சிராதீங்க, ஒட்டும்.”

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருமுறை சொல்லி யாரும் நம்பவில்லை. டேனியல் பெட்டியைத் திறக்காமலே மூடினார். (திறக்காத பெட்டியை எப்படி மூடுவது என்று கேட்காதீர்கள். அவர் முகம் அப்படி இருந்தது.) பிறகு எங்கள் ஆறு பேருக்கும் சால்வை போர்த்தி, இளநீர் கொடுத்து, கூடத்துக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, ஊர் மொத்தமும் எதிரே தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நாங்கள் சுவரைப் பார்த்தோம். நன்றாகத்தான் அடித்திருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இதே ராகம். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனால், அவர்கள் அந்தப் பாட்டுகளை ஏற்கெனவே படித்துவைத்து, கையசைவு உட்பட எங்களுக்குப் பாடிக் காட்டினார்கள். டேனியல் இரண்டு இடத்தில் சொல் மறந்து நின்றபோது ஒரு சிறுமி எடுத்துக்கொடுத்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் முகாமுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு நர்ஸுகள் “ஒத்தாசைக்கு” வந்து எல்லாவற்றையும் அவர்களே பார்த்துவிட்டார்கள். கிரேஸ் ஆன்ட்டிக்குக் கொடுத்த வேலை ரிப்பன் வெட்டுவது. வெட்டினார். இன்னொரு சால்வை விழுந்தது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேசை போட்டு, முதலில் நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். காலையில் இட்லி, அதோடு பூரி, அதோடு, இவர்கள் இதெல்லாம் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு ரொட்டியும் ஜாமும். மத்தியானம் கொள்ளிடத்து மீன் குழம்பு. அந்தக் குழம்பைப் பற்றி எழுதினால் என் மனைவி படிப்பாள் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தச் சமையலுக்கெல்லாம் தலைமை எஸ்தரம்மா. சபையின் மாதர் சங்கத் தலைவி. ஐம்பது வயதிருக்கும். கண்டக்டரைப்போல ஒரே குரலில் பத்துப் பேருக்கு உத்தரவு போடுவார். எங்களிடம் வரும்போது மட்டும் அந்தக் குரல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். “இன்னொரு மீனு வச்சுக்குங்க சார்” என்று பாதி கும்பிட்டுக்கொண்டே சொல்வார்.

காலை ஜெபத்தில் ஒவ்வொருவரும் உலக சமாதானம், சபை வளர்ச்சி, வயிற்றுக் கோளாறு என்று வேண்டிக்கொள்வார்கள். முகாம் முடிந்த மறுநாள் கிரேஸ் ஆன்ட்டியின் முறை வந்தபோது அவர் சுருக்கமாக முடித்தார். “ஆண்டவரே, இன்றைக்காவது எனக்கு ஒரு வேலை கொடும். ஆமென்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு வாய்க்கால் கரையில் நடக்கும்போது விஷயத்தைச் சொன்னார். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. இனி இந்த மாதிரிப் பயணம் கூடாது என்று மகனும் மகளும் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இதுதான் கடைசி. வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறாள், ரொம்ப நல்ல பெண், ஒரு கோப்பையைக்கூடக் கழுவ விடமாட்டாள்.

“நாற்பது வருஷம் ராத்திரியும் பகலும் வேலை பார்த்தவள் நான். இப்போது எல்லோரும் என்னைப் பூஜாடியைப்போலத் தூக்கி இந்த மேசையிலிருந்து அந்த மேசையில் வைக்கிறார்கள். அதற்குத்தான் கடல் தாண்டி வந்தேன். இங்கேயும் மேசைதான் இருக்கிறது.”

இதற்கு ஆறுதலாக எதையாவது சொல்லலாம் என்று படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கிடங்கில் நான் தினமும் சொல்வது அதுதான்.

நேராக எஸ்தரம்மாவிடம் போய், “ஆன்ட்டி சமையல்ல கூடமாட ஏதாச்சும் செய்யணும்னு ஆசைப்படுறாங்க” என்றேன்.

எஸ்தரம்மாவின் முகம் வாடியது. “ஏன் சார், நாங்க சரியாக் கவனிக்கலையா?”

“ஐயோ, அதில்லைங்க.”

“மீன்ல முள்ளு அதிகமா? சொல்லிருங்க சார். மனசுல வச்சுக்காதீங்க.”

அன்று மத்தியானம் எங்களுக்கு இரண்டு வகை மீன் வந்தது.

ஆன்ட்டி என்னை நம்பியது போதும் என்று தானே களத்தில் இறங்கினார். கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். போய்த் தரையில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார். அத்தனை பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். விருந்தாளி தரையில் உட்கார்ந்திருக்கும்போது தாங்கள் உட்காருவதா? ஒருத்தி நாற்காலிக்கு ஓடினாள், ஒருத்தி விசிறிக்கு ஓடினாள், அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவர் நாற்காலிக்குத் திரும்பினால்தான் அன்றைக்கு வெங்காயம் உரியும் என்று ஆகிவிட்டது. திரும்பினார். கையில் அந்த ஒரு வெங்காயம் அப்படியே இருந்தது.

அதற்கடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க ஆன்ட்டியும் நானும் அரியலூர் போனோம். சிமெண்டு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஊர்ந்து, திரும்பும்போது ஜெயங்கொண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேன் இருமியது. முருகேசன் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்து, “பத்து நிமிசம் சார்” என்றார். அவருடைய பத்து நிமிஷத்தை நாங்கள் ஏற்கெனவே அனுபவித்திருந்ததால், வந்த பஸ்ஸில் ஏறி ஜெயங்கொண்டம் போய், அங்கே தா.பழூர் பஸ்ஸைப் பிடித்தோம்.

பஸ்ஸில் கூட்டம். ஆன்ட்டியின் முழங்கால் பட்டையைப் பார்த்து யாரோ ஒரு சீட் கொடுத்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பது யார், எந்த நாடு, எந்தச் சபை என்றெல்லாம் பார்க்கவில்லை. “செத்தப் புடிங்க” என்று குழந்தையை ஆன்ட்டியின் மடியில் வைத்தாள். ஒரு யோசனைக்குப் பின் வயர் கூடையையும் வைத்தாள்.

ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவள் ஏன் குழந்தையை எனக்குத் தருகிறாள்?”

“நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால்தான்” என்றேன்.

மடியில் இடம் இருப்பதை மற்றவர்களும் கவனித்தார்கள். ஒரு புத்தகப் பை வந்தது. ஒரு தூக்குச் சட்டி வந்தது. தா.பழூர் வருவதற்குள் ஆன்ட்டியின் தலைமுடியும் குழந்தையின் கையும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. குழந்தை அவர் கண்ணாடியைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. இறங்கும்போது அந்தப் பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் போனாள். நம் ஊரில் இதற்கெல்லாம் யார் நன்றி சொல்கிறார்கள்? ஆன்ட்டி எச்சில் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டு, கிராமம் வரும்வரை ஆட்டோவில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆன்ட்டிக்கும் வேலைக்கும் நடுவில் நின்றது நான்தான். போகிற இடமெல்லாம் நான் முதலில் நுழைந்து, “சிங்கப்பூரிலேருந்து வந்திருக்காங்க” என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பு முடிந்ததும் நாற்காலி வரும். பஸ்ஸில் அறிவிக்க நேரமில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆலயம் கட்டிய நாளின் விருந்து. ஊர் முழுக்க வந்து உட்கார வேண்டும் என்பதால் சைவச் சமையல். இந்து வீடுகளிலிருந்தும் எல்லோரும் வந்திருந்தார்கள். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து பெரிய விவசாயி ஒருவர், ஆலயத்துக்கு மணல் கொடுத்தவராம், வேட்டி சரசரக்க வந்தார். முதல் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பந்திப் பாயில் எல்லோரும் இருக்க, எனக்கு மட்டும் ஒரு மணைக்கட்டை.

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. போதகர் ஜெபம் செய்து முடித்தார். கண்ணைத் திறந்தால் பரிமாற ஆள் இல்லை. பரிமாற வேண்டிய இளைஞர் சங்கத்துப் பையன்கள், தயிர் வாங்கக் கிளம்பிய முருகேசனின் வேனில் சும்மா ஒரு சவாரிக்கென்று மொத்தமாக ஏறிப் போயிருந்தார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

“பத்து நிமிசத்துல வந்துடுறாங்களாம்” என்று யாரோ போனைக் காதில் வைத்துக்கொண்டு சொன்னார். கூட்டத்தில் முருகேசனைத் தெரிந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. இலைக்கு முன்னால் ஊர் காத்துக்கொண்டிருந்தது. எஸ்தரம்மா சேலையை இழுத்துச் செருகினார். இரண்டு பெண்களைச் சோற்றுக்கும் கூட்டுக்கும் விரட்டினார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, பந்தியில் உட்காராமல் நழுவி வந்திருந்த கிரேஸ் ஆன்ட்டி. யோசிக்க நேரமில்லை. வாளியை அவர் கையில் திணித்து, முதுகில் கைவைத்துப் பந்திப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினார். நான் எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். அந்த வாரத்திலேயே நான் செய்த உருப்படியான காரியம், வாயை மூடிக்கொண்டதுதான்.

ஆன்ட்டி வரிசையின் முனையில் குனிந்தார். முழங்காலைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கரண்டி ஊற்றினார். இலைக்காரர் கையைக் கொஞ்சம் உயர்த்தி, “போதும், போதும்” என்றார். ஆன்ட்டிக்கு அந்தச் சொல் தெரியும். இங்கே அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. போதும் என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினார். அடுத்த இலைக்குப் போனார்.

மருத்துவமனையில் மருந்து ஊற்றிக் கொடுத்த கை. அரைக் கரண்டியில் “போதும்” வந்தால் அரைக் கரண்டியோடு நிற்கும். என் இலைக்கு வந்தபோது நானும் வாய் வழக்கத்தில் போதும் என்று சொல்லித் தொலைத்தேன். ஒரு சொட்டு விழுந்தது, போய்விட்டார். உடையார்பாளையத்துக்காரர் சாம்பார் வரும் முன்பே மரியாதைக்குப் போதும் என்று சொல்லிவிட்டதால் அவருக்கு அந்தச் சொட்டும் இல்லை. வெள்ளைச் சோற்றை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“உங்க ஊர்ல ரொம்பச் சிக்கனமோ?” என்றார்.

வரிசை முழுக்க உலர்ந்த சோறு. யாருக்கும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். எஸ்தரம்மா ரசத்தோடு வந்தவர் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு அவருடைய உண்மையான குரல், அந்தக் கண்டக்டர் குரல், ஒரு வாரத்தில் முதல்தடவையாக எங்களில் ஒருவர்மேல் விழுந்தது.

“ஏம்மா, என்னா பண்ணிட்டிருக்க நீ? போதும்னா போயிடுறதா? போதும்னு சொல்லத்தான் செய்வாங்க. நீ ஊத்தத்தான் செய்யணும். ஆளு இலை மேல ரெண்டு கையையும் வச்சு மறைக்கிறானா, அப்ப நிறுத்து. திரும்பு, மொதல்லேருந்து வா.”

பந்தி முழுக்க மூச்சை அடக்கியது. போதகர் ஜெபம் செய்கிறவர்போல மேலே பார்த்தார். ஆன்ட்டி வாளியோடு என்னைப் பார்த்தார்.

“திட்டுகிறார்கள்” என்றேன். “போதும் என்றால் கேட்கக்கூடாதாம். இலையை மறைக்கும்வரை ஊற்ற வேண்டுமாம்.”

“என்னையா திட்டுகிறார்?”

“உங்களைத்தான்.”

ஆன்ட்டியின் முகம் விளக்கு போட்டதுபோல ஆயிற்று. திரும்பி நடந்து முதல் இலையிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை “போதும்” என்றவர்களுக்கெல்லாம் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. உடையார்பாளையத்துக்காரர் இரண்டு கையாலும் மறைத்தும் விரல் சந்தில் கொஞ்சம் ஊற்றினார். அவர் கையை உதறிக்கொண்டே சிரித்தார். பந்தியும் சேர்ந்து சிரித்தது. எஸ்தரம்மா, “ஆங், இப்பத்தான் சரி” என்று ரசத்தோடு பின்னாலேயே வந்தார்.

பையன்கள் வந்து சேர்ந்தபோது மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒருவன் வந்து, “குடுங்கம்மா” என்று வாளியைக் கேட்டான். ஆன்ட்டி கொடுக்கவில்லை. எஸ்தரம்மாவும், “நீ போயி எலைய எடுடா, அது பாத்துக்கும்” என்றார்.

பரிமாறியவர்கள் கடைசியாகச் சாப்பிட்டார்கள். கூட்டு தீர்ந்திருந்தது, அப்பளம் நொறுங்கல்தான் மிச்சம். கொட்டகையில் பெண்கள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆன்ட்டியும் கால் நீட்டி உட்கார்ந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒருத்தி, கேட்காமலே, தன் இலையிலிருந்த அப்பளத் துண்டை ஆன்ட்டி இலையில் போட்டாள். டேனியல் தூரத்திலிருந்து போட்டோ எடுக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பெண்கள் ஆன்ட்டியைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். எஸ்தரம்மா என்னைக் கூப்பிட்டார். குரல் மறுபடியும் மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. “சார், பாத்திரம் தேய்க்கணும். சாம்பார் அண்டா பெருசு, எங்களால உள்ள எறங்க முடியாது. அந்தம்மா சின்ன உருவமா இருக்குது. செய்யுமான்னு கேளுங்க.”

மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஆன்ட்டி கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

அண்டாவைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துக்கொண்டு ஆன்ட்டி மண்டியிடாமல், ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து குனிந்து இடுப்புவரை உள்ளே போனார். வெளியே தெரிந்தது ஆரஞ்சு டீ ஷர்ட்டின் கீழ்ப்பாதியும் முழங்கால் பட்டையும். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. சபையில் அவர் பாடும் சீன மொழிப் பாட்டு. அண்டாவுக்குள் அது நாலு பேர் பாடுவதுபோல முழங்கியது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாய்பொத்திச் சிரித்தார்கள்.

எஸ்தரம்மா வந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பாடுறது பாடட்டும் சார். அடியில இன்னும் கரி இருக்குது பாருங்க. கையை நிறுத்தாம நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க.”

பாட்டு நின்றது. “என்ன சொல்கிறார்?” என்று அண்டா கேட்டது.

அடியில் இன்னும் கரி இருக்கிறதாம் என்றேன்.

“எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லு” என்றார் ஆன்ட்டி. பதில் வருவதற்குள் உள்ளே தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது.